பாறைப் பூச்சியின் பல்லில் ஷாஹிதா கண்டது

ஷாஹிதாவுக்கு லேப் அட்டெண்டன்ட் வேலை. பதினோரு மாத ஒப்பந்தம். முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுநாள் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஆறு தடவை போட்டாயிற்று. காலையில் அக்கரையில் வீடிருக்கும் பாம்பூ ஃப்ளாட்டில் படகேறி இக்கரைச் சாத்தமில் இறங்கி, பஸ் பிடித்து, மரைன் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து, துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தச் சின்ன கடல் ஆய்வு நிலையத்தின் கதவைத் திறப்பவள் அவள்தான். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, ஏசி எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று எழுதி வைப்பது, கடலிலிருந்து வரும் மாதிரிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. பிஎஸ்சி இயற்பியல் படித்தவள் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் மறந்துவிட்டார்கள்.

அவள் பிறந்தது லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவில். வாப்பா சாகுல் ஹமீது அங்கே ஜெட்டி ஓரமாக மளிகைக் கடை வைத்திருந்தார். நீர் வற்றும் நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் பாறைக்கு ஓடுவார்கள். பாறையில் எட்டு ஓடு போர்த்திய ஒரு பூச்சி ஒட்டிக் கிடக்கும். விரல் நீளம் இருக்கும். தொட்டதும் பாறையோடு பாறையாக இறுகிவிடும். கத்தி வைத்து நெம்பினாலும் வராது. ஒட்டுப்பூச்சி என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். வயிற்றுக்கு ஆகாத, விற்கவும் முடியாத ஒன்று. அதைப் பற்றி வேறு எதுவும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அதே பூச்சிக்காகத்தான் மெயின்லேண்ட் என்று தீவில் சொல்லும் பெருநிலத்திலிருந்து நந்தகுமார் என்ற விஞ்ஞானி வந்து சேர்ந்தார். வந்த வாரத்தில் ஒரு நாள், வெள்ளைத் தாளில் கறுப்பாக ஏதோ பொடி மாதிரி கொட்டி வைத்து அவளைக் கூப்பிட்டார்.

"ஷாஹிதா, இது என்னன்னு பாருங்க."

"மிளகைப் பொடிச்ச மாதிரி இருக்கு சார்."

"பல்லு. உங்க ஊர்ப் பாறையில எட்டு ஓட்டோட ஒட்டிக் கிடக்குமே கைட்டன், அதோட பல்லு."

ஒவ்வொன்றும் கடுகில் பாதிகூட இல்லை. அவர் தாளுக்கு அடியில் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்தினார். பற்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றன. காந்தம் போன பக்கமெல்லாம் எறும்பு வரிசை போல ஊர்ந்தன. ஷாஹிதா கையிலிருந்த குடுவையை மேசையில் வைத்தாள்.

"பாறையைச் சுரண்டிப் பாசி திங்குது இல்லையா? சாதாரணப் பல்லு ஒரு நாள் தாங்காது. அதனால கடல் தண்ணியில, பாசியில இருக்கற துளித்துளி இரும்பைச் சேர்த்து, பல்லு மேல காந்தக் கல்லாக் கட்டிக்குது. உலையில்ல, நெருப்பில்ல. வாய்க்குள்ளயே செய்யுது. எப்படின்னுதான் பார்க்கணும்."

எத்தனை நூறு பூச்சிகளைக் கத்தியால் குத்திப் பார்த்திருப்போம் என்று ஷாஹிதா யோசித்தாள். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

பார்ப்பதற்கான கருவி இரண்டு மாதம் கழித்துக் கப்பலில் மூன்று மரப்பெட்டிகளில் வந்தது. அது வில்லை வைத்துப் பார்க்கும் நுண்ணோக்கி இல்லை. தடவிப் பார்க்கும் நுண்ணோக்கி. கண் தெரியாதவர் விரலால் முகத்தைத் தடவி ஆளை அறிவது போல, ஓர் ஊசி பொருளின் மேல் வரி வரியாகப் போய் மேடு பள்ளத்தை உணரும். ஊசி என்றால் தையல் ஊசி அல்ல. அதன் முனையில் சில நூறு அணுக்களுக்குத்தான் இடம். அந்த முனைக்குக் காந்தப் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஒரு வரியை முதலில் தொட்டுத் தொட்டுப் போகும். பிறகு மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரம் தூக்கிக்கொண்டு, தொடாமல், அதே வரியில் மறுபடி போகும். இரண்டாம் தடவை போகும்போது மேடு பள்ளம் அதைத் தொந்தரவு செய்யாது. கீழே இருக்கும் காந்தம் இழுக்கிறதா, தள்ளுகிறதா என்பது மட்டும் தெரியும். இழுத்தால் படத்தில் கறுப்பு, தள்ளினால் வெளுப்பு.

அந்த ஊசியை மாட்டுவது பெரிய பாடு. நகத்துணுக்கு அளவு சில்லை இடுக்கியால் எடுத்துப் பொருத்த வேண்டும். நந்தகுமார் முதல் வாரத்திலேயே மூன்றை உடைத்தார். நான்காவதைப் பொருத்த ஷாஹிதாவிடம் கொடுத்தார். அவள் கை ஆடவில்லை. அன்றிலிருந்து ஊசி மாட்டும் வேலை அவளுடையதாயிற்று. அதோடு நிறுத்தவில்லை. கருவியோடு வந்த தடித்த கையேட்டை மதிய இடைவேளைகளில் படித்தாள். கல்லூரியில் மனப்பாடம் செய்து எழுதிய காந்தவியல் எல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது.

ஆனால் படம் வரவில்லை. எதை வைத்தாலும் திரையில் குறுக்குக் கோடுகள்தான் வந்தன, கோரைப்பாய் போல. நிலையத்தின் கீழ்த்தளத்தில் கடல்நீர்த் தொட்டிகள் இருந்தன; அவற்றுக்கான பம்புகளும் குளிரூட்டும் இயந்திரமும் இரவு பகலாக ஓடும். அந்த அதிர்வு காலுக்குத் தெரியாது, ஊசிக்குத் தெரியும். பம்பை நிறுத்திப் பார்த்தார்கள். கோடுகள் குறைந்தனவே தவிரப் போகவில்லை. பக்கத்துக் கட்டடங்களின் ஏசி, மின்கம்பிகளின் இரைச்சல் என்று வேறு என்னென்னவோ இருந்தன. பெங்களூரிலிருந்து பொறியாளர் வந்து இரண்டு நாள் முட்டிப் பார்த்தார். "இந்த பில்டிங்ல இது ஓடாது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

ஒன்பது மாதம் போனது. கருவியைக் கொச்சியில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவதென்று முடிவாயிற்று. திங்கட்கிழமைக் கப்பல். அங்கே இடம் ஏற்பாடு செய்ய நந்தகுமார் முன்னதாகவே கிளம்பிப் போனார். காலிப் பெட்டிகள் மூன்றும் மறுபடி நடைபாதைக்கு வந்து நின்றன.

போவதற்கு முன் துடைத்து மூட வேண்டியது ஷாஹிதாவின் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை காலை, மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமே என்று ஒரு பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து வெட்டிய துண்டை வைத்து ஓட்டினாள். வழக்கம்போல் கோடுகள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. விளக்கு, ஏசி, கீழே பம்பு எல்லாம் அடங்கின. கருவி மட்டும் யுபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரைப் போடும் ஐயாவு டீ குடிக்கப் போயிருந்தார்.

திரையில் கோடுகள் நின்றன.

ஷாஹிதா அசையாமல் பார்த்தாள். சாம்பல் நிறத்தில், சுத்தமாக, ஒழுங்கான வரிசைகள் வந்துகொண்டிருந்தன. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை. யாரோ எப்போதோ கணினியில் சேமித்த ஏதோ ஒன்று. கடிதமோ, கல்யாணப் படமோ, என்னவென்று தெரியாது. அதன் ஒவ்வோர் எழுத்தும் சில குட்டிக் காந்தங்களாகப் படுத்திருந்தது. பதினோரு நிமிடம். பிறகு கீழே ஜெனரேட்டர் உறுமியது. திரையில் கோரைப்பாய் மறுபடி விரிந்துவிட்டது.

அவள் நந்தகுமாருக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"மொத்த மலையிலயும் கரண்ட் இல்லாதப்போ ஓட்டணும்னு சொல்றீங்க."

"ஆமா சார். வியாழக்கிழமை பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நம்ம ஏரியா ஷட்டவுன். எலக்ட்ரிசிட்டி ஆபீஸ் லிஸ்ட் போட்டிருக்கான். யுபிஎஸ்ல மத்த லைனையெல்லாம் கழட்டிட்டா அம்பது நிமிஷம் தாங்கும்."

"நான் அங்க இல்லையே."

"எனக்கு ஓட்டத் தெரியும் சார்."

"சரி, பல்லையே வைங்க. பாலிஷ் பண்ணின சாம்பிள் மூணாவது டப்பாவுல இருக்கு. டைரக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஐயாவுவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. ஜெனரேட்டரும் மீன்தொட்டியும் அவர் பொறுப்பு. தொட்டியில் ஒரு மீன் செத்தாலும் இரண்டு நாள் யாரிடமும் பேச மாட்டார்.

"ரெண்டு மணித்தியாலம் காத்துக் குடுக்காம வச்சா என் மீனெல்லாம் மல்லாந்துரும் தங்கச்சி. நடக்காது."

"ஒரு மணி நேரம் போதும் அண்ணே. ஜங்லிகாட் மீன்துறையில மீன்காரங்க உசிர் மீன் வைக்க பேட்டரில ஓடற காத்து மிஷின் வச்சிருக்காங்கள்ல? அது கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

"அது பப்பிள் வரும். சத்தம் வராதோ?"

"அதைத் துணியில சுத்தி வச்சிரலாம்."

ஐயாவு குனிந்து தொட்டியில் மீன்களை எண்ணினார். "சரி. ஆனா நான் தொட்டி பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஒரு மீன் சாஞ்சா ஜெனரேட்டரப் போட்டுருவேன். அப்ப என்னைக் குறை சொல்லப்படாது."

வியாழன் காலை எட்டு மணிக்கே ஷாஹிதா வந்துவிட்டாள். பிசினில் பதித்துக் கண்ணாடி போல் தேய்த்த அந்தப் பல்லை வைத்தாள். கண்ணுக்கு அது ஒரு கறுப்புப் புள்ளி. ஊசியை மாட்டினாள். பத்து மணிக்கு மலை அடங்கியது. எதிர்க் கட்டடத்து ஏசி நின்றது, கீழே பம்பு நின்றது. யாரோ தெருவில் செருப்பு தேயத் தேய நடந்துபோவது கேட்டது. தன் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்டது அவளுக்கு.

ஊசியை இறக்கினாள். திரையில் இரண்டு சதுரங்கள். இடப்பக்கம் முதல் தடவலின் படம், வலப்பக்கம் இரண்டாவது. ஒரு வரிக்கு இரண்டு நொடி. இடப்பக்கத்தில் ஒன்றுமில்லை, தேய்த்த பல்லின் சமதளம், இரண்டொரு கீறல், அவ்வளவுதான். வலப்பக்கம் முதல் வரியிலேயே கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வந்தன. பத்து வரி ஆனதும் அவை திட்டுகளாயின. ஐம்பது வரி ஆனதும் திட்டுகள் நெளிந்து ஒன்றோடொன்று பின்னின. தண்ணீர் வடிந்த மணலில் அலை விட்டுப்போன வரிகள் போல் இருந்தது. ஆனால் அது அலையும் இல்லை, மணலும் இல்லை. அத்தனையும் காந்தம். ஒரு திட்டில் இருந்த காந்தம் வடக்கு பார்த்தால் பக்கத்துத் திட்டு தெற்கு பார்த்தது. பல்லின் வெட்டும் விளிம்பை நெருங்க நெருங்கத் திட்டுகள் நீண்டு, ஒரே பக்கமாகச் சாய்ந்து, வாரிய தலைமுடி போல் படிந்தன. மொத்தச் சதுரமும் ஒரு தூசியின் மேல் அடங்கிவிடும் அளவு.

நடுவில் ஒரு வரி மட்டும் சிதறியது. அதே நொடியில் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. பிறகு படம் தொடர்ந்தது.

படம் முடியும் தறுவாயில் அவள் முகம் ஈரமாக இருந்தது. துடைக்கக் கை எழவில்லை. அசைந்தால் நாற்காலி கிரீச்சிடும். இதற்கு முன் எந்தக் கண்ணும் இந்த இடத்தைப் பார்த்ததில்லை என்ற எண்ணம் மெல்ல வந்தது. லாங் ஐலண்டில் அவள் காலடியில் கிடந்த அந்தப் பூச்சி, யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் இத்தனை நேர்த்தியாக இதைச் செய்து வைத்திருந்தது. அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது.

படத்தை நந்தகுமாருக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. அவர் மூச்சு விடாமல் பேசினார். ஆனால் பேச்சு விஞ்ஞானியின் பேச்சாகத்தான் இருந்தது.

"ஷாஹிதா, அருமை. ஆனா நம்ப மாட்டேன். ஊசியில அழுக்கு ஒட்டியிருந்தாலும் இப்படிக் காட்டும். பல்லுல மின்சாரம் தேங்கியிருந்தாலும் காட்டும். காந்தம்தான்னு எப்படிச் சொல்றது?"

அவள் கையேட்டில் படித்திருந்தாள். "ஊசியோட வடக்கு தெற்கைத் திருப்பணும் சார். திருப்பிட்டு அதே இடத்தை எடுக்கணும். காந்தம்னா கறுப்பு வெளுப்பாகும், வெளுப்பு கறுப்பாகும். அழுக்குன்னா அப்படியே இருக்கும்."

"அதே இடத்தை மறுபடி கண்டுபிடிக்க முடியுமா?"

"ஓரத்துல ஒரு கீறல் இருக்கு. அதை வச்சுப் போயிருவேன்."

அடுத்த மின்தடை சனிக்கிழமை. அலுவலகம் விடுமுறை. அவள் கணவன் நௌஷாத் சாத்தம் படகில் இன்ஜின் அறையில் வேலை செய்பவன்; அன்று அவனுக்கும் ஓய்வு நாள். வீட்டில் மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து, என்னதான் அது என்று பார்க்கக் கூடவே வந்துவிட்டான். வியாழக்கிழமைப் படத்தைக் காட்டினாள்.

"இந்தச் செதறல் என்ன?"

"கப்பல் சங்கு மச்சான். பத்து அஞ்சுக்கு ஊதிச்சு."

"பத்து அஞ்சுக்கா? அப்ப சென்னைக் கப்பல்தான். அன்னிக்கு எங்க படகை அஞ்சு நிமிஷம் நிறுத்தி வச்சிட்டான்." நௌஷாத் சிரித்தான். "சங்கு ஊதினதுகூட இதுல விழுந்திருக்கா? கமால்தான் போ, அதிசயம்."

ஊசியின் பக்கத்தில் ஒரு வலுவான காந்தத்தைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தாள். அவ்வளவுதான், திருப்பியாயிற்று. மாட்டி, கீறலைத் தேடி, அதிலிருந்து இடப்பக்கம் கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று நகர்த்த இருபது நிமிடம் ஓடிவிட்டது. இன்னும் முப்பது நிமிடம்தான் பேட்டரி.

"நடக்கக் கூடாது மச்சான். பேசக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

கீழே தொட்டிகளின் நடுவே ஐயாவு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேலே இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரி வந்தது. ஷாஹிதா வியாழக்கிழமைப் படத்தைத் தாளில் அச்சடித்து மடியில் வைத்திருந்தாள். தாளில் கறுப்பாக இருந்த திட்டு திரையில் வெளுப்பாக வந்தது. அதன் பக்கத்தில் வெளுப்பாக இருந்தது கறுப்பாக வந்தது. நெளிவு அதே நெளிவு, பின்னல் அதே பின்னல், நிறம் மட்டும் தலைகீழ். ஒன்றுகூடத் தப்பவில்லை. வரி வரியாக, ஒன்பது நிமிடம், பல் அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தது.

நௌஷாத் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். படம் முடிந்ததும் தாளைக் கையில் வாங்கிக்கொண்டான்.

"நம்ம பாறையில கெடக்குமே, அந்தப் பூச்சியா இது?"

"அதேதான்."

"இதை யாரு அதுக்குச் சொல்லிக் குடுத்தா?"

நௌஷாத் நெஞ்சில் கை வைத்து, "சுப்ஹானல்லாஹ்" என்றான். கோயிலிலோ பள்ளிவாசலிலோ பேசுவது போல மெல்லத்தான் சொன்னான். அவன் அப்படிச் சொல்லி அவள் அதிகம் கேட்டதில்லை. கடலில் பெரிய திமிங்கிலத்தைப் பக்கத்தில் பார்த்த அன்று ஒரு தடவை சொன்னான்.

கீழே மீன் எதுவும் சாகவில்லை. ஐயாவு படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னப் பல்லுக்கு இவ்வளவு வேலையா?" என்றார். பிறகு மறுபடி தொட்டியருகே போய், ஒரு மீனை வெகுநேரம் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமைக் கப்பலில் பெட்டிகள் போகவில்லை. நந்தகுமார் திரும்பி வந்தார். வந்த அன்று திரை முன்னால் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இரண்டு படங்களையும் அரை மணி நேரம் பார்த்தார். "ஒன்பது மாசமா நான் இந்தக் கட்டடத்தோட சண்டை போட்டேன். நீங்க அது தூங்கற நேரம் எப்போன்னு பார்த்திருக்கீங்க" என்றார்.

அடுத்த ஒன்றரை வருடம் மின்வாரியத்தின் அறிவிப்புப் பட்டியல்தான் அவர்களுடைய நாட்காட்டி. மற்றவர்கள் மின்தடையைத் திட்டும்போது அந்த அறையில் மட்டும் எல்லாரும் பரபரப்பார்கள். வளரும் பல், முதிர்ந்த பல், தேய்ந்த பல் என்று எழுபது படங்கள் எடுத்தார்கள். இளம் பற்களில் காந்தம் இன்னும் உருவாகாமல் படம் வெறும் சாம்பலாக வந்தது. பற்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும் அதே நாக்கில், இரண்டு வரிசை தள்ளி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் தென்பட்டன. இன்னும் இரண்டு வரிசை தள்ளிப் பின்னல் பிறந்திருந்தது. ஒரே பூச்சியின் வாயில், வரிசையாக, காந்தம் உண்டாகும் கதை முழுதும் எழுதியிருந்தது. அதைப் பார்த்த நாளில் ஷாஹிதா மதியச் சாப்பாட்டைத் திறக்கவே மறந்துபோனாள்.

கட்டுரை வெளியானபோது எழுதியவர்கள் பெயரில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. வாப்பாவுக்குப் போனில் அனுப்பினாள். அவர் கடைக்கு வரும் எல்லாரிடமும் காட்டினார். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்ததால் படத்தை மட்டும் காட்டி, "இது நம்ம ஜெட்டிக்குப் பின்னால இருக்கற பூச்சி" என்று சொன்னாராம். ஒப்பந்தம் இன்னும் பதினோரு மாத ஒப்பந்தம்தான். ஆனால் அதில் அட்டெண்டன்ட் என்ற சொல் போய், கருவி இயக்குநர் என்று வந்திருக்கிறது. மெயின்லேண்டிலிருந்து மாணவர்கள் மாதிரிகள் அனுப்புகிறார்கள். சிலர் கடிதத்தில் டாக்டர் ஷாஹிதா என்று எழுதுகிறார்கள். முதலில் திருத்தி எழுதினாள், இப்போது விட்டுவிட்டாள்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு, பாம்பூ ஃப்ளாட் அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஒரு குப்பி எடுத்து வந்தாள். யாரும் கேட்டு எடுத்ததில்லை. சேற்று நீரில் ஒரு காந்தத்தைக் காட்டினால் சில நுண்ணுயிர்கள் அதன் பக்கம் நீந்தி வந்து கூடும் என்று எங்கோ படித்திருந்தாள். அப்படிக் கூடிய துளியை உலர்த்தி ஊசியின் கீழ் வைத்தாள். நான்கு மின்தடைகளில் ஒன்றும் வரவில்லை. ஐந்தாவது மின்தடையன்று காலை, ஓர் ஒற்றை உயிரின் உடலுக்குள், நூலில் கோத்தது போல் ஒரு வரிசை தெரிந்தது. குட்டிக் காந்தங்கள், ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாம் ஒரே திசை பார்த்து நின்றன. எண்ணினாள், பத்தொன்பது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் தனக்குள் ஒரு திசைகாட்டியைக் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் போய்வந்து கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலை படகை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. அலையாத்திக் காட்டோரம் போனாள். நீர் வற்றியிருந்தது. சேற்றில் கால் வைக்கப் போனவள், வைக்காமல், கரையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நண்டு ஒன்று வளையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. வெயில் தாழும்வரை அந்தக் கறுத்த, மணமடிக்கும் சேற்றைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.